யாருடைய ராத்திரி?

குடிப்பது தப்பா என்று கேட்டால் நம் சமூகத்தில் எல்லாரிடமும் பதில் தயாராக இருக்கிறது. யார் குடிப்பது தப்பு, எங்கே உட்கார்ந்து குடிப்பது தப்பு என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, முறைப்புதான் வரும். ஒழுக்கம் பேசுகிறவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது கேள்வியைத் தொட்டால் சாதி வெளியே வந்துவிடும்.

இந்தக் கேள்வியை என் தலையில் போட்டவன் கப்பலில் வேலை செய்கிற ஒரு பையன். காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் காலனிக்காரன். அமெரிக்காவில் கப்பல் நின்ற இரண்டு நாளில் கூட வேலை செய்கிற பிலிப்பைன்காரனோடு ஒரு சினிமா கொட்டகைக்குப் போயிருக்கிறான். நாற்காலிக்கு முன்னால் சின்னதாக ஒரு மேசை. வேண்டியதைத் துண்டுத் தாளில் எழுதி வைத்தால் இருட்டில் குனிந்தபடியே ஒரு ஆள் வந்து எடுத்துப்போய் பீரோ காக்டெயிலோ கொண்டுவந்து வைக்கிறார். பையன் சொன்னான்: "ணா, ரெண்டரை மணி நேரம் குடிச்சிக்கினே படம் பாத்தேன். ஒருத்தனும் என்னெ அசிங்கமா பாக்கலெ. பக்கத்து சீட்டுல ஒரு வயசான வெள்ளக்காரம்மா. படம் நல்லா இருந்துச்சான்னு கேட்டுச்சு. நம்ம ஊர்ல ஒயின்ஷாப்புலேந்து வெளிய வந்தா நாய்கூட வேற மாதிரி பாக்குது."

இப்படிப்பட்ட இடங்கள் அங்கே புதுசில்லை. டெக்சஸில் ஆஸ்டின் நகரத்தில் 1997ல் ஆரம்பித்த அலமோ டிராஃப்ட்ஹவுஸ் இதற்குப் பேர்போனது. நியூயார்க் மாநிலத்தில் மதுவிலக்குக் காலத்தை ஒட்டி வந்த ஒரு பழைய சட்டம், கொட்டகை இருக்கையில் உட்கார்ந்து மது குடிப்பதைத் தடுத்து வைத்திருந்தது. புரூக்ளினில் நைட்ஹாக் என்ற கொட்டகையை நடத்தியவர்கள் விடாமல் முயன்றார்கள். 2011ல் சட்டமே மாறிற்று. படத்துக்கு ஏற்ற மாதிரி காக்டெயில் கலந்து கொடுப்பது அவர்களுடைய பேர்சொல்லும் வித்தை. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. குனிந்து வந்து கிளாஸ் வைக்கிறவருக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஆட்குறைப்பை எதிர்த்து அலமோவின் நியூயார்க் ஊழியர்கள் 2025 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்ததையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. குடியையும் படத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் அதை அங்கே 'ரசனை' என்கிறார்கள்.

குடியையும் கலையையும் சேர்ப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பும் இல்லை. அதியமான் செத்தபோது ஔவை பாடிய புறப்பாட்டை எம்.ஏ. வகுப்பில் படித்திருக்கிறேன். கள் கொஞ்சமாக இருந்தால் அதை அவளுக்கே கொடுத்துவிடுகிறவனாம். நிறைய இருந்தால் அவள் பாட, அவனும் சேர்ந்து குடித்து மகிழ்கிறவனாம். பாடிப் பிழைக்கிற ஒரு பெண் அரசனோடு உட்கார்ந்து கள் குடிக்கிறாள், அது இலக்கியமாகி இரண்டாயிரம் வருசமாக நிற்கிறது. பாடம் நடத்தியவர் 'நட்பின் உயர்வு' என்று சொல்லி அந்த இடத்தைத் தாண்டிப் போனார். குறளில் கள்ளுண்ணாமை அதிகாரம் வந்தபோது மட்டும் நிதானமாக நின்று நடத்தினார். நடத்தும்போது அவர் கண் எந்த பெஞ்சைப் பார்த்தது என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

கள் ஒன்றுதான், சங்ககாலத்து அரண்மனையில் ஒரு பேர், நம் சேரியில் ஒரு பேர். குடிப்பவனின் இடத்தைப் பார்த்துத்தான் குடிக்குப் பேர் வைக்கிறார்கள்.

இன்றைக்குச் சட்டத்திலேயே இதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் கிளப் உறுப்பினர்களுக்கு மது பரிமாற எஃப்.எல்.2 என்று ஒரு உரிமம், நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3 என்று ஒரு உரிமம். மெத்தை நாற்காலி, பனிக்கட்டி, சங்கீதம், சில இடங்களில் பெரிய திரையில் படமோ கிரிக்கெட்டோ. அங்கே குடிப்பவரை யாரும் குடிகாரர் என்று எழுதியதில்லை. நம்ம ஆளுக்கு டாஸ்மாக். பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுகிற கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் கையை விட்டுக் குவாட்டர் வாங்கவேண்டும். பக்கத்துப் பாரில் பிளாஸ்டிக் கிளாஸ், தண்ணி பாக்கெட், சுண்டல், காலுக்குக் கீழே ஈரம். ரசித்துக் குடிக்கிற இடமா அது? சீக்கிரம் ஊற்றிக்கொண்டு வெளியே போகிற இடம். இடத்தை இப்படிக் கட்டி வைத்துவிட்டு, இவனுக்குக் குடிக்கத் தெரியாது என்கிறார்கள். 2023–24ல் மட்டும் இந்தக் கூண்டுகள் வழியாக அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

கிளப் மரியாதைக்காக இந்த மாநிலம் துடித்த கதை ஒன்றும் உண்டு. 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. சட்டமன்றம் கொதித்தது. அடுத்த மாதமே வேட்டியைத் தடுக்கிற கிளப்புகளுக்கு எதிராகச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், எனக்கு அதில் குறையில்லை. ஆனால் 1955லேயே தீண்டாமைக் குற்றங்களுக்குச் சட்டம் வந்தும் டீக்கடை இரட்டைக் குவளையை ஒழிக்க எத்தனை தலைமுறை போயிற்று என்பதை அந்த ஒரு மாதத்தோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மதுவிலக்கு வரலாற்றை நீட்ட விரும்பவில்லை. ராஜாஜி 1929ல் திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார். 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கு வந்தது, பிறகு மாகாணம் முழுக்க. 1971ல் திறந்தார்கள், 1974க்குள் மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள், 2003ல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. திறந்தபோதும் மூடினபோதும் ஏழையின் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள். ஏழையைக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்குக்கான பிரிவு வந்தபோது, 1948 நவம்பரில், ஆதிவாசிகளின் அரிசிக் கள்ளைப் பற்றி எழுந்து பேசியவர் ஜெய்பால் சிங். எங்கள் வழிபாட்டிலும் வயல் வேலையிலும் கலந்திருப்பதை நீங்கள் தீமை என்று ஒரு வரியில் எழுதிவிட முடியுமா என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் பேச்சு எடுபடவில்லை. பிரிவு 47 ஆனது.

அதே அரசியல் சட்டத்தில் 15(2) இருக்கிறது. கடை, உணவகம், ஓட்டல், பொதுக் கேளிக்கை நடக்கும் இடம் எதிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக்கூடாது. கிணறும் குளமும் ரோடும் எழுதப்பட்ட அதே பிரிவில் கேளிக்கையும் இருக்கிறது என்பதை நம் தோழர்கள் பலர் கவனிப்பதில்லை. தண்ணிக்கு உரிமை கேட்டால் போராட்டம், சந்தோசத்துக்கு உரிமை கேட்டால் ஊதாரித்தனம் என்று நமக்குள்ளேயே ஒரு நினைப்பு ஊறிப்போய் இருக்கிறது.

கேளிக்கை என்றால் வடசென்னையில் சினிமாதான். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகை, அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, காசு என்ற கருத்தில் ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். பெரிய உண்மை அது. கோயிலுக்குள் போக முடியாதவன் டிக்கெட் வாங்கிக் கொட்டகைக்குள் போனான். ஆனால் காசு என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று பிரித்ததில் யார் தரையில் உட்கார்ந்தார்கள்? இருட்டு எல்லாருக்கும் பொது, தரை பொது இல்லை. அப்படியும் அந்த இருட்டு நமக்கு வேண்டியிருந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் ஆயிரம் பேர் உட்காரலாம். ஹார்பர் கூலியும் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவரும் புள்ளைகுட்டியோடு போன கொட்டகை. 1967ல் திறந்து 2020ல் மூடிவிட்டார்கள்.

அந்த 2020ஐ நினைத்துப் பாருங்கள். மே 7ந் தேதி சென்னைக்கு வெளியே டாஸ்மாக் திறந்தார்கள். உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது, அரசு உச்சநீதிமன்றம் வரை போய் மறுபடி திறந்தது. சென்னைக் கடைகள் ஆகஸ்டு 18ல் திறந்தன. கொட்டகைகள் திறந்தது நவம்பர் 10. மூடின அறையில் நோய் பரவும் என்பது நியாயமான காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் குடியையும் படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து, குடியை மட்டும் முதலில் கையில் கொடுத்தார்கள். கூடி உட்காருவது இல்லாமல், பாட்டு இல்லாமல், பேச்சு இல்லாமல் குடி மட்டும்.

கொட்டகைக்குள் காசு கொடுத்தால் போய்விடலாம் என்பதும் முழு உண்மை இல்லை. 2023 மார்ச் 30, கோயம்பேடு ரோகிணி தியேட்டர், 'பத்து தல' படம். கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். வீடியோ பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். குழந்தைகளுக்கான சான்றிதழ் விதிதான் காரணம் என்று தியேட்டர் தரப்பில் சொன்னார்கள். அந்த விதி வேறு எந்தக் குடும்பத்துக் குழந்தையை அன்றைக்கு வாசலில் நிறுத்தியது என்று யாராவது சொல்லட்டும்.

குடியில் செத்தாலும் இதே கணக்குதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். குவாட்டருக்குக் காசில்லாமல் பாக்கெட்டுக்குப் போன கூலி சனங்கள், பெரும்பாலும் நம்ம சனங்கள். பிணம் எரிவதற்கு முன்பே 'குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா' என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பியது. நிவாரணத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனார்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டிச் செத்த பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பேச்சு வராது. 'இளமையில் போய்விட்டானே' என்பார்கள்.

இதுவரைக்கும் சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. எதிரி யார் என்று தெரிகிற இடம் அது. இனிமேல் சொல்லப்போவது நமக்குள் இருக்கிற சங்கடம்.

தொண்ணூறுகளில் தலித் பண்பாடு பற்றிய விவாதம் சூடாக நடந்தது. சாதி இந்துக்கள் எதையெல்லாம் இழிவு என்று நம் மேல் ஒட்டினார்களோ அதையே கலகமாகத் திருப்பிப் போடவேண்டும் என்ற குரல் அப்போது எழுந்தது. ராஜ் கௌதமன் எழுத்துகளைப் படித்து வளர்ந்தவன் நான். மாட்டுக்கறியைப் பற்றி வெட்கமில்லாமல் பேச அந்த எழுத்துதான் தைரியம் கொடுத்தது. ஆனால் அதற்கு எண்பது தொண்ணூறு வருசத்துக்கு முன்னாலேயே அயோத்திதாசர் பஞ்சசீலம் பேசியிருக்கிறார், கள் வேண்டாம் என்றிருக்கிறார். 1956 அக்டோபர் 14, நாகபுரியில் பாபாசாகேப் கொடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது குடிக்கமாட்டேன் என்பது ஒன்று. ராஜாஜி சொன்ன 'வேண்டாம்' மேலேயிருந்து வந்தது. அயோத்திதாசரும் அம்பேத்கரும் சொன்ன 'வேண்டாம்' நம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. நாமாக விடுவது வேறு, நம்மைத் திருத்துகிறேன் என்று பிடுங்குவது வேறு. இதை மேடையில் பேசுவது சுலபம். ஒரு ராத்திரி இதை வைத்து முடிவெடுக்க வேண்டி வந்தது.

காட்டுப்பள்ளியில் சினிமா கொட்டகை கிடையாது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010ல் வந்தது, நாளைக்குப் பத்து கோடி லிட்டர். துறைமுகம் வந்தது, 2018ல் கை மாறியது. 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்கும் திட்டம் ஒன்றும் அதற்குப் பின்னாலேயே வந்தது. படம் பார்க்கத் தெற்கே திருவொற்றியூர்ப் பக்கம் போகவேண்டும். கண்டெய்னர் லாரி நிற்கிற ரோட்டில் ராத்திரி பெண்டு பிள்ளைகளோடு போய்வருவது நடக்காத காரியம். வெளிமாநிலத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு போனில் ஆளுக்கு ஒரு படம் பார்க்கிறார்கள்.

அதனால்தான் 2025 ஏப்ரல் 14 ராத்திரி காலனியில் படம் போடுவதென்று முடிவு செய்தோம். காந்தி பிறந்தநாளுக்கும் வள்ளலார் நாளுக்கும் டாஸ்மாக் மூடுகிறவர்கள் அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மூடுவதில்லை. அன்றைக்கும் கடை திறந்திருந்தது. ஜப்பார் படேல் எடுத்த அம்பேத்கர் படம், மம்முட்டி நடித்தது. 2000ல் வந்த படம். தமிழில் கொட்டகைக்கு வர 2010 டிசம்பர் ஆயிற்று, அதுவும் நீதிமன்றம் வரை போய். மணலில் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு வெள்ளைத்துணி கட்டினோம். துறைமுகத்து விளக்கு வெளிச்சத்தில் திரை வெளிறிப்போனதால் பிடுங்கி வேறு பக்கம் பார்த்து நட்டோம். கமிட்டிப் பையன்கள் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்: குடித்தவர்களுக்கு அனுமதி இல்லை.

ஐம்பது வயசிருக்கும், காண்டிராக்டில் சாம்பல் வேலை பார்க்கிறவர் ஒருவர் வந்தார். தள்ளாடவில்லை, வாசனை மட்டும் வந்தது. பையன்கள் நிறுத்தினார்கள்.

"இன்னாபா, நாள் பூரா சாம்பல முழுங்கிட்டு வந்து ஒரு கட்டிங் போட்டேன். பாபாசாகேப் படத்துக்கே என்னெ உள்ள வுடமாட்டேன்னா நான் எந்தக் கொட்டாய்க்குப் போவேன்?"

"இருபத்திரண்டு உறுதிமொழி தெரியுமா பெரிப்பா? குடிக்க மாட்டேன்னு அதுலெ இருக்கு."

"தெரியும்பா. சாமி கும்புட மாட்டேன்னும் இருக்குது. ஆடி மாசம் கூழு ஊத்த மொத ஆளா வசூலுக்கு வந்தவன் நீதானே?"

பையனிடம் பதிலில்லை. நான் அவரை உள்ளே விடவேண்டும் என்று பேசினேன். வாசலில் நிறுத்துவது என்ற வேலையை நாம் செய்யக்கூடாது, அது நமக்குச் செய்யப்பட்டது என்றேன். வம்பு பண்ணினால் அப்போது பார்த்துக்கொள்வோம், வாயில் வாசனை அடிப்பது வம்பு இல்லை என்றேன். அப்போது பாயில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்து வந்தார். இறால் உரிக்கப் போகிறவர், மூன்று பிள்ளைகள்.

"வுடு தம்பி, உள்ள வுடு. வுட்டா எங்க குந்துவாரு? எங்க பாய் பக்கத்துல. குடிக்கிறவனுக்கு மரியாதெ வேணும்னு பேசுற, சரி. எனக்கு ராத்திரின்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? வாசல்ல செருப்பு கழட்ற சத்தத்துக்குக் காதெ வச்சிக்கினு படுத்துக் கெடக்குறது. அந்தச் சத்தத்துலியே தெரிஞ்சிடும், இன்னிக்கு அடி வுழுமா வுழாதான்னு. இந்தாளு நல்லவராவே இருக்கட்டும். அந்த வாசன வந்தா என் சின்னப்பொண்ணு போத்திக்கினு சுருண்டுக்கும். மூணு மணி நேரம் அது நிம்மதியா ஒரு படம் பாக்கட்டுமேன்னுதான் இட்டாந்தேன்."

அந்த மனிதர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் மணலில் உட்கார்ந்துவிட்டார். துணித்திரை என்பதால் பின்னாலும் படம் தெரியும். முழுப் படத்தையும் அப்படியே பார்த்தார். முடிந்ததும் போய்க் கேட்டேன். "எழுத்துதான் திரும்பித் தெரிஞ்சிது. பேச்சு நேராத்தான் கேட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மேலே எழுதிய வாதத்தில் ஒரு வரியைக்கூட அந்த அக்கா பொய்யாக்கவில்லை. குடிப்பவனின் இழிவு சாதி கட்டிவைத்த இழிவுதான். ஆனால் அந்த இழிவைத் துடைக்கிற வேலையை ஆண்கள் நாம் எடுத்துக்கொண்டு, அதன் செலவைப் பெண்களின் ராத்திரியிலிருந்து எடுக்கிறோமா என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்வியை ராஜாஜி கையில் கொடுத்தால் கடையை மூடு என்பார். மூடினால் கருணாபுரம் வரும். கலகம் பேசுகிற தோழர் கையில் கொடுத்தால் 'வர்க்கச் சுரண்டலின் விளைவு' என்பார். சுரண்டல் ஒழிகிற வரைக்கும் அந்தச் சின்னப்பொண்ணு போர்த்திக்கொண்டு கிடக்கவேண்டுமா? ஔவை அதியமானோடு குடித்தாள் என்று பெருமையாக எழுதினேன். சபையில் அவளுக்குப் பயமில்லை, அதனால்தான் அந்தக் கள் இனித்தது. அவளுக்கிருந்த பாதுகாப்பு வாசனைக்கே சுருண்டுகொள்கிற குழந்தைக்கு இல்லை என்றால், அங்கே நான் கேட்கிற ரசனைக்கு இடமில்லை.

அமெரிக்கக் கொட்டகையில் நம் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயசான அம்மாவை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவனுக்குக் கிடைத்த மரியாதையில் பாதி அந்த அம்மா பயப்படாமல் உட்கார்ந்திருந்ததால் வந்தது. வெளிச்சம், இருக்கை, கக்கூஸ், திரும்பிப் போக வண்டி, தப்பு நடந்தால் கேட்க ஆள் என்று எத்தனையோ சேர்ந்துதான் அவர் பயம் போயிருக்கும்.

காலனிக்குப் படம் போடவும் கூட்டம் நடத்தவும் ஒரு கூடம் கட்டித் தரச்சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பெண்கள் தனியாக உட்கார்ந்து அவர்களுடைய கோரிக்கைகளைச் சொன்னார்கள்: தெருவிளக்கு, கதவுள்ள கக்கூஸ், படம் விட்டபிறகு மீஞ்சூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் திரும்பிப்போக ஒரு பஸ். எல்லாவற்றையும் சேர்த்தாயிற்று. ஒரு வரியில்தான் சண்டை நிற்கிறது. கூடத்தின் விதிகளில் 'மது அருந்தியவர்களுக்கு அனுமதி இல்லை' என்று போடவேண்டும் என்கிறார்கள் பெண்கள். 'பிறருக்குத் தொல்லை கொடுப்பவர்களுக்கு அனுமதி இல்லை' என்று போட்டால் போதும் என்கிறேன் நான். சாம்பல் வேலைக்காரரும் கூட்டத்துக்கு வந்திருந்தார், பேசவில்லை.

"தொல்லெ குடுத்தப்புறம் வெளிய அனுப்பி இன்னா பிரயோசனம் தம்பி?" என்றார் அந்த அக்கா. இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிற்றுக்கிழமை.